ஏழாம் நம்பர் மலையும் எண்பத்தொரு றாத்தலும்

அந்த ஞாயித்துக்கெழம எனக்கு இருந்த வேல ஒண்ணே ஒண்ணுதான். மூணு பேரோட ஒடம்பு பலத்த அளந்து, ஒரு தாள்ல எழுதி, பன்னெண்டு மணிக்குள்ள பெரிய தொரை கையில குடுக்கணும்.

அவ்வளவுதான். ஒரு மணி நேர வேல. முடிச்சிட்டு வந்து சூடா கறிச்சோறு சாப்பிடறேன்னு வீட்டுல சொல்லிட்டு வேற போனேன்.

அப்ப நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துல சின்ன கிளாக்கரு. வயசு இருபத்துநாலு. கொழுந்து நிறுக்கற மடுவத்துல பொம்பளைங்க கூடையும் கையுமா வரிசையில நிப்பாங்க. கணக்கப்புள்ள ஒவ்வொரு கூடையாத் தராசுல மாட்டி எடைய றாத்தல் கணக்குல கூவுவாரு, ஒரு றாத்தல்னா அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கொறவு. நான் பென்சில வச்சு எழுதுவேன். அந்த வயசு வரைக்கும் நான் தூக்கின கனமெல்லாம் அந்தப் பென்சிலுதான்.

அது போக இன்னொரு பதவியும் இருந்திச்சு. ஸ்டாஃபு கிரிக்கெட் டீமுக்கு நாந்தான் கேப்டன். விக்கெட் கீப்பரும் நாந்தான். ஏன் கீப்பருன்னு கேக்கறீங்களா? அங்க நின்னா ஓட வேண்டியதில்ல!

இப்ப கிரவுண்டு விஷயத்துக்கு வாரேன். மலைநாட்டுல சமமான தரை எங்க இருக்கு? கொஞ்சம் சமமா இருந்தாலும் அதுல தேயில நட்டுருவாங்க. எங்க தோட்டத்துலயே சமமான தரை ஃபெக்டரிக்குப் பக்கத்துல இருந்த அந்த ஒரு துண்டுதான். அதுக்குத்தான் மூணு கூட்டம் அடிச்சுக்கிட்டோம்.

நாங்க பாய் விரிச்சு கிரிக்கெட் ஆடுவோம். லயத்துப் பசங்க, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்டுப் பசங்க, அதே எடத்துல ஃபுட்போல் ஒதைப்பாங்க. ஃபெக்டரிப் பசங்க எங்க பிட்சுக்கு நட்ட நடுவுல குழி தோண்டி வாலிபோல் கம்பத்த நடுவாங்க. பந்து கொஞ்சம் தள்ளிப் போனா தேயிலைக்குள்ள விழுந்துரும். விழுந்தா அடுத்த கவ்வாத்து வெட்டுல செடியெல்லாம் கழிக்கிறப்பதான் கெடைக்கும். அது வரைக்கும் அந்தப் பந்துக்காகவும் சண்ட.

கடைசியில பஞ்சாயத்து பெரிய தொரை கிட்ட போச்சு. தொரைக்கு அப்பத்தான் அவரோட ஊருலருந்து ஒரு புஸ்தகம் வந்திருந்திச்சு. வெவ்வேற வெளையாட்டு ஆடற வாலிபப் பசங்க ஒடம்புல என்னென்ன வித்தியாசம், யாருக்கு மூச்சு ஜாஸ்தி, யாருக்கு எகிறல் ஜாஸ்தின்னு அதுல போட்டிருந்திச்சாம்.

தொரை அவரோட தமிழ்ல தீர்ப்ப சொன்னாரு. "நாம பாக்கும். மூணு டீம். யாருக்கு ஒடம்பு ரொம்ப பலம், அவனுக்கு ஞாயித்துக்கெழம கிரவுண்டு. மத்தவன் சத்தம் போடக் கூடாது."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. லயத்துப் பசங்கள நெனச்சுப் பாத்தேன். எல்லாம் தீக்குச்சிக்கு கமிசு மாட்டின மாதிரி இருக்கும். நான் பால், முட்ட, நெய்யின்னு வளந்தவன். ஸ்டாஃபு கிளப்புல அன்னிக்கே அறிக்கை விட்டுட்டேன். "ஃபுட்போலுக்கு காலு போதும். வாலிபோலுக்கு கை போதும். கிரிக்கெட்டுக்குத்தான் முழு ஒடம்பும் வேணும்!"

எல்லாரும் கை தட்டினாங்க. அந்தக் கைதட்டுதான் எனக்கு எமனா வந்திச்சு.

ஞாயித்துக்கெழம காலையில ஏட்டோட கிரவுண்டுக்குப் போனேன். எங்க டீம் சார்பா ஸ்டோர் கிளாக்கர நிறுத்தறதா திட்டம். அவரு தெனம் தண்டால் எடுக்கறவரு.

தொரை தலைய ஆட்டிட்டாரு. "கேப்டன் வரணும். எல்லா டீம் கேப்டன் வரணும். நீ ஏட்டும் எழுது, நீ குதிக்கவும் குதி."

திரும்பிப் பாத்தேன். ஃபுட்போல் கேப்டன் மாரிமுத்து நிக்கிறான். கவ்வாத்து வெட்டறவன். சிரிச்ச மொகம், ஒட்டின வயிறு. அந்தப் பக்கம் வாலிபோல் கேப்டன் அந்தோணி. ஃபெக்டரியில வேல. நெட்ட மரமாட்டம் ஒசரம்.

"ஐயாவுமா வாறீங்க?" மாரிமுத்து மரியாதையாத்தான் கேட்டான். அந்த மரியாததான் எனக்குப் பிடிக்கல.

மொதல் சோதன, எகிறிக் குதிக்கிறது. கையில சுண்ணாம்பத் தொட்டுக்கிட்டு ஃபெக்டரி செவுத்துல எட்டின வரைக்கும் அடையாளம் வைக்கணும். அந்தோணி எகிறினான் பாருங்க, ஜன்னலுக்கு மேல கை போயிருச்சு! மாரிமுத்து அதுக்கு ஒரு சாண் கீழ.

நானும் முழு பலத்தோட குதிச்சேன். குதிக்கறதுக்கு முந்தி சும்மா நின்னு கையத் தூக்கி ஒரு கோடு போட்டிருந்தேன். அதுக்கு ரெண்டு விரக்கடை மேல இருந்திச்சு என் அடையாளம்.

"ஐயா குதிச்சிட்டாரா, இனிமேத்தானா?" கூட்டத்துலருந்து ஒரு பொம்பளக் கொரலு.

யாருன்னு பாக்க வேண்டியதே இல்ல. ராமாயி. மாரிமுத்துவோட அக்கா. தோட்டத்துலயே வேகமாக் கொழுந்து பறிக்கிறவ. வாயி அத விட வேகம். ஞாயித்துக்கெழம லீவு ஆச்சே, பாதி லயம் அங்கதான் வந்து நின்னிச்சு.

ரெண்டாவது சோதன, மூச்ச அடக்கறது. தொரை கடிகாரத்தோட நின்னாரு. எனக்கு சீக்கிரமே கண்ணு பிதுங்கி வெடிச்சு விட்டுட்டேன். அந்தோணி எனக்கு அப்பறம் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிச்சான். அதுக்குள்ள அவனுக்கு இருமல் வந்திருச்சு. நாள் பூரா தேயிலத் தூளுக்குள்ள நிக்கிறவன், நெஞ்சு எப்பிடி இருக்கும்? எகிறறதுக்கு ராஜா, மூச்சுக்கு அவன் நெஞ்சு எடம் குடுக்கல.

மாரிமுத்து மட்டும் செலையாட்டம் நின்னான். தொரையே பயந்து போயி, "போதும், விடு விடு!" ன்னுட்டாரு.

ஞாயித்துக்கெழம கிரவுண்டு போச்சுன்னா கிளப்புல தலை காட்ட முடியுமா? உடனே ஒரு மனு போட்டேன். "தொரை, பந்து எறியறதையும் வைக்கணும். அதுவும் ஒடம்பு பலந்தானே?"

தொரை ஒத்துக்கிட்டாரு. இருந்தது ஒரே ஒரு கிரிக்கெட் பந்து. அந்தோணி எறிஞ்சான், அளந்தாங்க. மாரிமுத்து எறிஞ்சான், அளந்தாங்க. கடைசியா நான். குலசாமிய நெனச்சு விட்டேன் பாருங்க ஒரு எறி! ரெண்டு பேரோட தூரத்தையும் தாண்டி, கிரவுண்டையும் தாண்டி, நேரா தேயிலைக்குள்ள போயி விழுந்திச்சு.

"ஜெயிச்சேன்!" னு கத்தினேன்.

பத்து பேரு தேடினாங்க. பந்து கெடைக்கல.

தொரை புஸ்தகத்த பாத்தாரு, என்னயப் பாத்தாரு. "பந்து இல்ல. மார்க்கும் இல்ல."

இவ்வளவு பட்டும் எனக்கு புத்தி வந்திச்சா? இல்லவே இல்ல. கடைசி சோதன ஓட்டம். ஏழாம் நம்பர் மலை உச்சியில ஒரு சவுக்கு மரம் நிக்கும். அத தொட்டுட்டு திரும்பி வரணும். வந்ததும் தொரை கையப் பிடிச்சு நாடி பாப்பாரு. யாருக்கு நாடி சீக்கிரம் அடங்குதோ அவன் ஒடம்புதான் ஒடம்பு. இதுக்கு மார்க்கும் டபுளு.

மாரிமுத்து அந்த மலையில தெனம் நாலு தடவ ஏறி எறங்கறவன். அப்பத்தான் எனக்கு மூள வேல செஞ்சிச்சு. "தொரை, வெறும் ஓட்டம்னா ஃபுட்போல்காரனுக்குத்தான் வசதி. ஆளுக்கொரு மூட்டைய தூக்கிக்கிட்டு ஏறினாத்தான் முழு பலமும் தெரியும்!" னு எடுத்து விட்டேன். மூணு பேருக்கும் ஒரே கனம் குடுப்பாங்க, ஆள்ல பெரியவன் நான், நானே ஜெயிப்பேன்னு கணக்கு.

"குட்! குட்!" னாரு தொரை. எனக்கு வாயெல்லாம் பல்லு.

"ஆனா ஒரே கனம் ஞாயம் இல்ல. அவன் அவன் ஒடம்புல பாதி கனம் தூக்கும்."

வாயி மூடிக்கிச்சு. பாதி ஒடம்பா? என் ஒடம்புல பாதியா? முட்டையும் நெய்யும் அன்னிக்குத்தான் மொத மொத கசந்திச்சு.

சரி, எடை போடணுமே. ஆள நிறுக்க தோட்டத்துல என்ன இருக்கு? கொழுந்துத் தராசுதான். மடுவத்துக்குப் போனோம். கூடை மாட்டற கொக்கியில கயித்த ஊஞ்சலாட்டம் கட்டினாங்க. நிறுக்கறதுக்கு கணக்கப்புள்ள வந்தாரு. இருபது வருஷமா அந்தத் தராசுக்குப் பக்கத்துல நிக்கிற மனுசன். நான் ஏட்ட விரிச்சேன்.

மாரிமுத்து கயித்துல ஒக்காந்தான். கணக்கப்புள்ள முள்ள பாத்து கூவினாரு. "நூத்தி இருவது! கழிச்சா நூத்தி நாலு!"

நான் வழக்கப்படி நூத்தி நாலுன்னு எழுதிட்டேன். எழுதின பொறகுதான் திக்குன்னிச்சு. கழிச்சா? எதக் கழிச்சா?

வெளங்கறதுக்காக சொல்லிர்றேன். கொழுந்து நிறுக்கையில முப்பது றாத்தல் கூடைன்னா நாலு றாத்தல கழிச்சுத்தான் எழுதறது, எழுதினதுக்குத்தான் கூலி. கேட்டா, கூடைக்கு ரெண்டு, எலையில இருக்கற தண்ணிக்கு ரெண்டும்பாங்க. மழைக்கும் அதே கழிவு, சுட்டெரிக்கிற வெயிலுக்கும் அதே கழிவு. கணக்கப்புள்ள கூவுவாரு, நான் எழுதுவேன். ஒரு நாளும் எனக்கு அது தப்பாப் பட்டதில்ல.

மெதுவா அவரு காதுகிட்ட போனேன். "கணக்கப்புள்ள ஐயா, இது கொழுந்து இல்லீங்க, மாரிமுத்து."

"தெரியும் தம்பி. முப்பது றாத்தலுக்கு நாலு. இவன் நாலு கூடை கனம். நாலு நாலு பதினாறு. சரியாத்தான் கழிச்சிருக்கேன்."

அடுத்தது அந்தோணி. "நூத்தம்பது! அஞ்சு கூடை! கழிச்சா நூத்தி முப்பது!"

கடைசியா நான் ஏறினேன். கொக்கி கிறீச்சுன்னிச்சு. முள்ளு சுத்திக்கிட்டே போச்சு.

"நூத்தி அறுவத்தி ரெண்டு!"

காத்திருந்தேன். அடுத்த வார்த்த வரவே இல்ல.

"ஐயா, கழிச்சா?" ன்னேன்.

"ஸ்டாஃபுக்கு கழிக்கிற வழக்கம் இல்லியே தம்பி!" பெருமையா சிரிச்சாரு. எனக்கு மரியாத பண்ணினதா நெனப்பு அவருக்கு.

கணக்கப் பாருங்க. மாரிமுத்துவுக்கு அம்பத்திரெண்டு றாத்தல் மூட்ட. அந்தோணிக்கு அறுவத்தஞ்சு. எனக்கு எண்பத்தி ஒண்ணு! என் வயித்தெரிச்சல அடக்க முடியல. தொரைய பாத்து சத்தமாவே சொல்லிட்டேன். "தொரை, இது அநியாயம்! மாரிமுத்து நெச எடை நூத்தி இருவது. சும்மா பதினாற கழிச்சிருக்காங்க!"

கிரவுண்டுலருந்து கூடவே வந்த லயத்துச் சனம் பூரா அத கேட்டிருச்சு.

அப்பறம் ராமாயி கொரலு. இந்தத் தடவ அதுல கிண்டல் இல்ல. "சும்மாவா கழிக்கிறீங்க ஐயா? அப்ப எங்க கூடையில கழிக்கிறதும் சும்மாதானா?"

அவளுக்குப் பின்னால நாப்பது பொம்பளைங்க. நாப்பது பேரும் என்னயத்தான் பாக்கறாங்க. தொரையும் என்னயத்தான் பாக்கறாரு. கணக்கப்புள்ள பாத்த பார்வைய நான் இன்னும் மறக்கல.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் கழிவு பொய்யின்னா, அத தெனமும் எழுதற கையி யாரோட கையி? ஆமா, சும்மாதான்னு சொன்னா மானம் போகும். இல்லேன்னா எண்பத்தொரு றாத்தல் முதுகுல ஏறும்.

"இல்ல தொரை," ன்னேன். "கழிவு சரியான கழிவுதான். நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

"அப்ப ஐயாவுக்கும் கழிச்சிருங்களேன்," னா ராமாயி. "வேர்த்து தொப்பலா நிக்கிறாரு, எங்க கொழுந்துல கூட அவ்வளவு தண்ணி இல்ல!"

எல்லாரும் சிரிச்சாங்க. தொரைக்கு எவ்வளவு புரிஞ்சிச்சோ தெரியல. "இங்க பந்து மட்டும் பேசு," ன்னு சொல்லி விசில எடுத்து ஊதிட்டாரு. அவருக்கு எது புரியக் கூடாதோ அது எப்பவுமே புரியாது.

உரமூட்டைய முதுகுல வச்சாங்க. மாரிமுத்துவுக்கு அது பஞ்சு மூட்ட மாதிரி. கவ்வாத்து இல்லாத நாள்ல அவன் வேலையே நூத்திப் பன்னெண்டு றாத்தல் உரமூட்டைய மலைக்கு ஏத்தறதுதான். விசில் சத்தம் அடங்கறதுக்குள்ள மொத வளைவ தாண்டிட்டான். அந்தோணி நீள நீளமா எட்டு வச்சு பின்னால போனான்.

நான் மொத இருவது படிய கம்பீரமா ஏறினேன். அடுத்த இருவது படிய ஏறினேன். அதுக்கடுத்த படிகள என்னா பண்ணினேன்னு எனக்கே தெரியல. காதுக்குள்ள, காலையில வேலைக்கு ஆள் கூப்பிடற பெரட்டுத் தப்பு அடிக்கிறாப்ல சத்தம். அது என் நெஞ்சுதான்னு அப்பறமாத்தான் வெளங்கிச்சு.

"ஐயா, ஓரமா வாங்க!" மேலருந்து மாரிமுத்து. மரத்த தொட்டுட்டு திரும்பி எறங்கறான்! நான் இன்னும் பாதி மலைக்கே போகல.

வழி விட ஒதுங்கினேன் பாருங்க, அங்கதான் முடிஞ்சிச்சு கதை. காலு தண்ணி ஓடற கானுக்குள்ள எறங்கிருச்சு. நான் ஒரு பக்கம், மூட்ட ஒரு பக்கம். மூட்ட கிழிஞ்சு உரம் பூரா என் தலையில. எந்திரிக்கப் பாத்தேன். கணுக்காலு ஒத்துழைக்கல.

மாரிமுத்து நின்னான். கீழ தொரை கடிகாரத்தோட காத்திருக்காரு. அவன் அப்பிடியே ஓடியிருந்தா அந்த நிமிசமே ஜெயிச்சிருப்பான்.

"போடா, நீ போ!" ன்னேன். வீராப்புதான்.

"சும்மா இருங்க ஐயா." அவன் மூட்டைய எறக்கி கானோரம் வச்சான். என்னயத் தூக்கி முதுகுல போட்டான். நூத்தி அறுவத்தி ரெண்டு றாத்தல், மேல உரம் வேற. ஒரு எடத்துலயும் நிக்கல. லயத்து ஜனங்க வரிசையா நின்னு பாக்க, ஸ்டாஃபு டீம் கேப்டன் ஃபுட்போல் கேப்டன் முதுகுல ஊர்வலமா வந்து எறங்கினேன்.

வழியில கேட்டேன். "ரொம்ப கனமா இருக்கேனாடா?"

"பரவால்லீங்க. கழிச்சுப் பாத்தா ஒண்ணுமில்ல," ன்னான்.

எனக்கு வலியில அழுக வருதா, வெக்கத்துல அழுக வருதான்னு பிரிச்சுப் பாக்க முடியல.

கீழ வந்ததும் தொரை மாரிமுத்து நாடிய பிடிச்சாரு. ரெண்டு நிமிசத்துல சாதாரணமா ஓட ஆரம்பிச்சிருச்சு. மூட்டையோட மரத்த தொட்டு முழுசா எறங்கி வந்த அந்தோணிக்கு நாலு நிமிசம். என் நாடியையும் பிடிச்சாரு. எண்ணினாரு, எண்ணினாரு, நடுவுல விட்டுட்டு கடிகாரத்த பையில போட்டுக்கிட்டாரு.

தீர்ப்பு அங்கேயே வந்திச்சு. நாடியில மாரிமுத்து, மூட்டைய முழுசா கொண்டு வந்ததுல அந்தோணி, அதனால ரெண்டு பேருக்கும் பங்கு. ஒரு ஞாயித்துக்கெழம ஃபுட்போல், அடுத்த ஞாயித்துக்கெழம வாலிபோல். கிரிக்கெட்டுக்கு? "மழை நாள்ல ஆடு," ன்னாரு தொரை. லிந்துலையில மழை நாளுக்கு கொறச்சல் இல்லதான். ஆனா மழையில எந்த ஊருல கிரிக்கெட் ஆடறாங்க?

கறிச்சோறு ஆறிப் போயிருந்திச்சு. தூங்கி எந்திரிச்சப்ப எந்த எலும்பு எங்க இருக்குன்னு கத்துக்கிட்டேன்.

திங்கக்கெழம நொண்டிக்கிட்டே மடுவத்துக்குப் போனேன். நல்ல வெயிலு. ராமாயி கூடையோட வந்து நின்னா.

"முப்பத்தி ஒண்ணு!" கூவினாரு கணக்கப்புள்ள. "கழிச்சா இருவத்தியேழு!"

ராமாயி தராச பாக்கல. என்னயப் பாத்தா. "காலு எப்பிடி இருக்கு ஐயா?" அவ்வளவுதான் கேட்டா.

பென்சில் ஓடல. அவ தம்பி முதுகு வேர்வ என் சட்டையில இன்னும் காஞ்சிருக்காதுன்னு தோணிச்சு. இத்தன வருஷம் கழிச்சுக் கழிச்சு எழுதின கணக்கெல்லாம் ஒண்ணா வந்து கண்ணு முன்னாடி நின்னிச்சு. கூச்சமாப் போச்சு. உண்மையிலயே கூச்சமாப் போச்சு.

இருவத்தி ஒம்பதுன்னு எழுதினேன்.

கணக்கப்புள்ள எட்டிப் பாத்தாரு. "என்னா தம்பி இது?"

"கூடைக்கு ரெண்டு கழிச்சிட்டேன் ஐயா. தண்ணிக்கு இன்னிக்கு எங்க போறது? வெயிலு அடிக்குதே."

"மலை ஏறினதுல தம்பிக்கு மூள கலங்கிருச்சு," ன்னு முணுமுணுத்தாரு. ஆனா அழிக்கச் சொல்லல. தொரை காதுக்குப் போனா அவரும் பதில் சொல்லணுமே!

தொரைக்கு நான் எழுதிக் குடுத்த தாள ரொம்ப நாளு ஒப்பீஸ் செவுத்துல ஒட்டி வச்சிருந்தாங்க. மாரிமுத்து நூத்தி நாலு, அந்தோணி நூத்தி முப்பது, சின்ன கிளாக்கர் நூத்தி அறுவத்தி ரெண்டு.

தோட்டத்துத் தராசுல அது வரைக்கும் ஒரு றாத்தலும் கழியாம ஒழுங்கா நிறுத்த ஒரே சரக்கு நாந்தான்!